எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். வீடுகளிலும் டியூஷன் சென்டர்களிலும் சின்னக் கடைகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பல சிஸ்டங்கள் இந்த வரம்புக்குள் வராது. அதனால் எனக்குத் தெரிந்தவர்களில் நிறையப் பேர் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் (இயங்குதளம்) போட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: “ஓஎஸ் போடும்போது பாதியிலேயே ஹேங் ஆகுது.”

இந்தப் புகாருக்கு இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ‘லினக்ஸ்னாலே இப்படித்தான்’ என்பது ஒன்று. ‘போர்டு போயிடுச்சு, வேற வாங்கிடுங்க’ என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது தீர்ப்பைக் கேட்டு, நன்றாக ஓடக்கூடிய கணினிகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்கவே இல்லை. பன்னிரண்டு வருஷப் பழைய ஐ3 கூட ஒரு பள்ளிப் பிள்ளைக்குப் படிக்கவும் தட்டச்சு செய்யவும் தாராளமாகப் போதும். எங்கே நின்றது, எப்படி நின்றது என்பதை நிதானமாகப் பார்த்தாலே கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தப் பார்க்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: “நேத்து வரைக்கும் விண்டோஸ் நல்லாத்தானே ஓடிச்சு? அப்போ கோளாறு புது ஓஎஸ்லதானே?”

நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்பிரிங் பட்டை விட்டுப்போன பேருந்து காலியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. முகூர்த்த நாளில் கூட்டம் ஏறினால்தான் ஒரு பக்கமாகச் சாயும். ஓஎஸ் போடுவது கணினிக்கு அப்படிப்பட்ட நாள். தினசரி வேலையில் எட்டு ஜிபி ராமில் ஒரு பகுதிதான் புழக்கத்தில் இருக்கும். இன்ஸ்டாலர் ஓடும்போது பென் டிரைவிலிருந்து படிக்கிற ஒவ்வொன்றையும், டிஸ்க்கில் எழுதப் போகிற ஒவ்வொன்றையும் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி), காலியாக இருக்கிற ராமில் வைத்துக்கொண்டே போகும். சில நிமிஷத்தில் ராமின் கடைசி மூலை வரை நிரம்பிவிடும். பல வருஷமாக யாருமே தொடாத ராமின் ஒரு பழுதான நினைவகச் செல்லை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொடுகிறோம்.

அதோடு, பென் டிரைவில் இருக்கும் ஓஎஸ் அப்படியே எடுத்து வைக்கிற கோப்புகளாக இருக்காது. லினக்ஸ் என்றால் ஸ்குவாஷ்எஃப்எஸ், விண்டோஸ் என்றால் விம் என்ற வடிவத்தில் பல ஜிபி தகவல் அழுத்திச் சுருக்கப்பட்டிருக்கும். அதை விரித்தெடுக்க ப்ராசஸர் இடைவிடாமல் வேலை செய்ய வேண்டும். சுருக்காத படக் கோப்பில் ஒரு பிட் மாறினால் ஏதோ ஒரு புள்ளியின் நிறம் மாறும், கண்ணுக்கே தெரியாது. சுருக்கிய கோப்பில் ஒரு பிட் மாறினால் அந்தத் துண்டு முழுவதையும் விரிக்க முடியாது. அதனால்தான் வீடியோ பார்க்கும்போது வெளியே வராத சின்னப் பிழை ஓஎஸ் போடும்போது இன்ஸ்டாலரையே கவிழ்த்துவிடுகிறது.

இது பழைய கணினிகளுக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக ப்ராசஸர்களில் வந்த கோளாறு எல்லோருக்கும் நினைவிருக்கும். பலருக்கு அது முதலில் தலைகாட்டியதே இப்படித்தான்: புது கேம் திறக்கும்போது கோப்புகளை விரிக்கிற கட்டத்தில் நின்றுபோகும், கிராபிக்ஸ் டிரைவர் இன்ஸ்டாலர் பாதியில் பிழை காட்டும். ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று செய்தி வரும், வீடியோ மெமரியோ நிறையவே இருக்கும். ப்ராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் உள்ளே சேதமாகிறது என்பது பிறகு தெரிந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. அதற்கு முன்னால் எத்தனையோ பேர் கேமையும் டிரைவரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சரி, திரை நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: உண்மையிலேயே நின்றுவிட்டதா?

கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. படம் காட்டும் பகுதி மட்டும் நின்றிருக்கலாம், அல்லது இன்ஸ்டாலர் எதற்கோ காத்திருக்கலாம். விளக்கு அசையவே இல்லை என்றால் நிஜமாகவே உறைந்துவிட்டது. கேப்ஸ் லாக்கும் ஸ்க்ரோல் லாக்கும் தாமாகவே மின்னிக்கொண்டிருந்தால் லினக்ஸ் கெர்னல் பேனிக் ஆகிவிட்டது, அதாவது மீள முடியாத பிழையில் கெர்னலே நின்றுவிட்டது என்று அர்த்தம். கேபினெட்டில் இருக்கிற ஹார்ட் டிஸ்க் விளக்கையும் கவனியுங்கள். விட்டு விட்டு மின்னினால் வேலை நடக்கிறது. தொடர்ந்து எரிந்தபடியே இருந்தால் டிஸ்க் ஏதோ ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

உயிர் இருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே எட்டிப் பார்க்கலாம். லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அங்கே கெர்னல் எழுதிவைத்த செய்திகளைப் படிக்கலாம். விண்டோஸ் செட்டப்பில் ஷிஃப்டும் எஃப்10-உம் அழுத்தினால் கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கும். பாந்தர் என்ற ஃபோல்டரில் செட்டப் எழுதும் லாக் கோப்புகள் இருக்கும். ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை, ஏடிஏ (டிஸ்க் இணைப்பு) பிழை, உள்ளீட்டுப் பிழை என்று ஏதாவது ஒரு வரி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காத்திருப்பதை ஹேங் என்று நினைத்துப் பவரை நிறுத்துகிறவர்கள் ரொம்ப அதிகம். மலிவான பென் டிரைவை பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் வேகம் அவ்வளவுதான். இன்ஸ்டாலர் இணையத்திலிருந்து மொழிப் பொதிகளையும் அப்டேட்களையும் இறக்கும் கட்டத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட் மந்தமானால் முன்னேற்றத்தைக் காட்டும் கோடு அசையாமல் நிற்கும். ஓஎஸ் போடும்போது இணைய இணைப்பைக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அப்டேட் எல்லாம் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

ஹேங் மாதிரியே தெரிந்து ஹேங்கே ஆகாத ஒரு கேஸ் 2015-க்குப் பிறகு நிறையப் பேரை அலைக்கழித்தது. இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறை மதர்போர்டுகளில் பழைய வகை யுஎஸ்பி கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். எல்லா போர்ட்டும் யுஎஸ்பி 3 கன்ட்ரோலரின் கீழ் வந்துவிட்டது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் அதற்கு டிரைவர் கிடையாது. செட்டப் திரை அழகாக வரும், மௌஸ் நகராது, கீபோர்டு வேலை செய்யாது. பார்ப்பவர் உறைந்துவிட்டது என்றுதான் நினைப்பார். செட்டப்போ யாராவது மொழியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும். பழைய பிஎஸ்2 கீபோர்டு ஒன்றைச் செருகினால் உடனே பேசும். பழைய அக்கவுன்டிங் மென்பொருளுக்காக இன்றும் விண்டோஸ் 7 போட்டே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு இது இப்போதும் வரும் சிக்கல்.

இனி, நிஜமாகவே உறைந்துவிட்ட கணினிக்கு வருவோம். திரும்ப முதலிலிருந்து ஓட விடுங்கள். எதையும் மாற்றாதீர்கள், அதே பென் டிரைவ், அதே போர்ட். எந்த இடத்தில் நின்றது என்பதை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் ஒரு தடவை ஓட விடுங்கள். அதே இடத்திலேயே நிற்கிறதா, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறதா? எனக்கு இதைவிடப் பயன்பட்ட கேள்வி வேறு இல்லை. இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்றுகொண்டு, ஒருவர் ராமை மாற்றி, இன்னொருவர் பயாஸில் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) நாலு அமைப்பை மாற்றி, வேறு பென் டிரைவும் செருகிவிட்டால், தப்பித்தவறி ஓடினாலும் எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் மறுபடியும் நிற்கும்.

அதே இடத்தில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. மீடியாவிலோ டிரைவரிலோ அமைப்பிலோ ஏதோ ஒன்று பொருந்தவில்லை. முதல் சந்தேகம் பென் டிரைவ். ஓஎஸ்ஸை இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு முழுதாக இறங்கியதா என்பதை, பதிவிறக்கப் பக்கத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை வைத்துச் சரிபார்க்க வேண்டும். உபுண்டு 20.04-இலிருந்து பூட் ஆகும்போதே தன் கோப்புகளைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. பலர் பொறுமையில்லாமல் கன்ட்ரோல்-சி அடித்து அதைத் தாண்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை ஓட விடுங்கள். பென் டிரைவிலேயே மோசடியும் உண்டு. உறையில் 64 ஜிபி என்று போட்டிருக்கும், உள்ளே எட்டு ஜிபிதான் இருக்கும். எழுதும்போது எல்லாம் சரியாக எழுதியதாகச் சொல்லும்; எட்டு ஜிபிக்கு மேல் போனது எதுவும் அங்கே இருக்காது. எஃப்3 என்ற சின்ன மென்பொருள் அதை முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

இரண்டாவது சந்தேகம் கிராபிக்ஸ். லோகோ வந்ததும் நிற்கிறது, அல்லது திரை கறுத்துவிடுகிறது, உள்ளே என்விடியா கார்டு இருக்கிறது என்றால், நான் முதலில் பார்ப்பது நோவோ டிரைவரைத்தான். என்விடியாவின் உள்ளமைப்பைத் தன்னார்வலர்கள் தாங்களே ஆராய்ந்து கண்டுபிடித்து எழுதிய திறந்தமூல டிரைவர் அது. பெரிய உழைப்பு, அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் சில கார்டுகளில் அது சிஸ்டத்தையே உறைய வைத்துவிடும். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப் மெனுவில் ஆங்கில ‘ஈ’ (e) எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ (nomodeset) என்று ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப்10 அழுத்தினால் கெர்னல் கார்டின் டிரைவரை விட்டுவிட்டுச் சாதாரணத் திரையோடு பூட் ஆகும். உபுண்டு மெனுவில் ‘சேஃப் கிராபிக்ஸ்’, லினக்ஸ் மின்ட்டில் ‘கம்பேட்டிபிலிட்டி மோட்’ என்று இதையே தயாராக வைத்திருக்கிறார்கள். அந்த வரியில் இருக்கும் ‘கொயட் ஸ்ப்ளாஷ்’ இரண்டையும் அழித்துவிட்டால் லோகோவுக்குப் பதிலாகச் செய்திகள் ஓடும். கடைசியாக எந்த வரியில் நின்றது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஓஎஸ் போட்டு முடித்தபின் என்விடியாவின் சொந்த டிரைவரைப் போட்டுக்கொண்டால் சரி.

விண்டோஸ் 7-க்கும் இதே மாதிரி ஒரு இடம் உண்டு. சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறைக்கான ஒத்திசைவு வசதி) இல்லாத புதிய யுஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்தது) மதர்போர்டில் ‘ஸ்டார்ட்டிங் விண்டோஸ்’ லோகோவோடு நின்றுவிடும். பழைய விஜிஏ பயாஸ் சேவையை அது தேடுகிறது, அங்கே அது இல்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நகராது.

வேறு வேறு இடத்தில் நிற்கிறது, சில சமயம் முகப்புத் திரையிலேயே நிற்கிறது, சில சமயம் காப்பி ஆகி முடியப் போகிற நேரத்தில் நிற்கிறது என்றால் சந்தேகம் வன்பொருள் பக்கம் திரும்ப வேண்டும். எங்கள் பகுதியில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவரின் சிஸ்டம் இப்படித்தான் வந்தது. மூன்றாம் தலைமுறை ஐ3, டிடிஆர்3 ராம், அசெம்பிள் செய்து வாங்கியது.

“தம்பி, கடைல போர்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. புதுசுன்னா இருபதாயிரம் ஆகுமாம். பிள்ளைங்களுக்கு கொஸ்டின் பேப்பர் எல்லாம் இதுலதான் அடிக்கிறேன்” என்றார்.

“விண்டோஸ்ல இருக்கும்போது எப்பவாவது தானா ரீஸ்டார்ட் ஆகுமா அக்கா?” என்று கேட்டேன்.

“எப்பவாவது நீலக் கலர்ல ஏதோ வரும், திரும்ப ஆன் ஆயிடும். அது ரொம்ப நாளாவே அப்படித்தான்.”

அந்த நீலத் திரை பற்றிச் சொன்னதும் எனக்கு ராம் மேல்தான் சந்தேகம் வந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். கூடுதலாக ஒரு நாலு ஜிபி ராம் பழையதாக வாங்கிப் போட்ட பிறகுதான் என்று யோசித்துச் சொன்னார். இன்ஸ்டாலர் ஒரு தடவை பார்ட்டிஷன் பிரிக்கும் இடத்தில் நின்றது, ஒரு தடவை காப்பி ஆகும்போது, ஒரு தடவை டெஸ்க்டாப் வரும் முன்பே. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளை ஓட விட்டோம். சிறிது நேரத்திலேயே சிவப்பு வரிகள் வரத் தொடங்கின.

மெம்டெஸ்ட் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஒரு சுற்று ஓடியதும் ‘ராம் ஓகே’ என்று எழுந்துவிடுகிறார்கள். நாலு ஜிபி ராமில் சுமார் 3,436 கோடி பிட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் தேங்கியிருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி நொடிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு செல் கொஞ்சம் வேகமாகக் கசிந்தாலும் தகவல் மாறிவிடும். சில செல்கள் சூடேறினால்தான் கசியும். சில செல்கள் பக்கத்து வரிசையில் ஒரு குறிப்பிட்ட மாதிரி எழுதினால்தான் மாறும். அதற்காகத்தான் மெம்டெஸ்ட் வெவ்வேறு வகையான மாதிரிகளை எழுதி எழுதிப் படித்துப் பார்க்கிறது. ராத்திரி முழுக்க ஓட விட்டு, காலையில் ஒரு பிழைகூட இல்லை என்றால் ராமை நம்பலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் நம்பக் கூடாது. ‘ஒண்ணுதானே’ என்ற சலுகை ராமுக்குக் கிடையாது. 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதத் தொடங்கிய மெம்டெஸ்ட்86-இலிருந்து கிளைத்தது மெம்டெஸ்ட்86+. 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து யுஎஃப்ஐ கணினிகளிலும் ஓடுகிறது. இலவசம், திறந்தமூலம். எல்லாப் பழுது பார்க்கும் கடைகளிலும் ஒரு பென் டிரைவில் இது இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பிழை வந்தது என்பதாலேயே ராமைத் தூக்கிப் போடவும் கூடாது. ஸ்லாட்டில் தூசி இருக்கலாம், பொன்முலாம் பூசிய முனைகளில் அழுக்குப் படிந்திருக்கலாம். நம் ஊர் மெக்கானிக்குகள் பென்சில் அழிக்கும் ரப்பரால் முனைகளைத் துடைப்பார்களே, அது சரியான வேலைதான். மெதுவாகத் துடைத்து, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் ஊதிவிட்டுப் போட வேண்டும். துடைத்த பிறகும் பிழை வந்தால் ஒரு ராமை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டுச் சோதிக்க வேண்டும்; பிறகு அதே ராமை மற்ற ஸ்லாட்டில். அடுத்தது இரண்டாவது ராம். பிழை ராமோடு நகர்ந்தால் ராம் பழுது. ஸ்லாட்டோடு தங்கினால் ஸ்லாட் பழுது, அப்போதும் மற்ற ஸ்லாட்டை வைத்து ஓட்டலாம். தனித்தனியாக இரண்டும் பிழையில்லாமல் ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை என்றால் இரண்டுக்கும் ஜோடி பொருந்தவில்லை. பயாஸில் ராமின் வேகத்தை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம். அக்காவின் சிஸ்டத்தில் பிழை பழையதாக வாங்கிய ராமோடு நகர்ந்தது. அதைக் கழற்றிவிட்டு நாலு ஜிபியிலேயே லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டோம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபதாயிரம் ரூபாய் என்பது அவருக்குச் சின்னத் தொகை இல்லை.

டிடிஆர்4, டிடிஆர்5 வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கேமிங் ராம் உறையில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் கிடைக்கும். அது ஒரு வகை ஓவர்க்ளாக்தான். ஓஎஸ் போடும்போது அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஹேங் நின்றுவிட்டால் ராமைச் சந்தேகப்பட வேண்டியதில்லை, வேகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

‘வேறு வேறு இடம் என்றால் வன்பொருள் பழுது’ என்ற வழிக்கு விதிவிலக்குகள் உண்டு, அவை எனக்கு மிகவும் பிடித்த கேஸ்கள். இன்டெலின் பே ட்ரெயில் வகைச் சிப்புகள், அதாவது ஜே1900, என்2840 மாதிரியான செலரான்கள், மலிவான லேப்டாப்களிலும் மினி பிசிகளிலும் நிறைய வந்தன. லினக்ஸில் அவை எந்த நேரத்தில் வேண்டுமானாலும் உறைந்துபோகும். 2015-இல் கெர்னல் பிழைப் பட்டியலில் பதிவான இந்தப் பிரச்சினையில் உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து எழுதினார்கள். ப்ராசஸர் சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகும். அங்கிருந்து எழும்போது மாட்டிக்கொள்ளும். அந்தத் தூக்க நிலைகளை முதல் படியோடு நிறுத்தும் ஒரு அளவுருவைக் கெர்னலுக்குக் கொடுத்தால் உறைவது நின்றுவிடும், கொஞ்சம் பேட்டரி கூடுதலாகச் செலவாகும். 2017-இல் வந்த முதல் தலைமுறை ரைசன்களிலும் சும்மா இருக்கும்போது உறையும் பழக்கம் இருந்தது. பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்ற இடத்தில் ‘டிபிகல் கரன்ட் ஐடில்’ என்று வைத்தால் பலருக்குச் சரியானது. அடையாளம் இதுதான்: வேலை கொடுக்கும்போது ஓடுகிறது, சும்மா விட்டால் உறைகிறது. ராம் பழுதில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருந்தால், ப்ராசஸர் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால், இன்டெல் ப்ராசஸர்கள் நூறு டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் மொத்தமாக அணைந்துவிடும். அதனால் சூடு என்றால் உறைவதைவிட ஊர்வதும் அணைவதும்தான் அதிகம். சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் போடுவது எப்படியும் நல்லது. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் அப்படி எளிதாகக் காட்டிக்கொடுக்காது. கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நான் நம்புவதில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் டிஸ்ப்ளே போர்ட்டிலேயே மானிட்டரை இணைத்துப் போட்டுப் பாருங்கள். சுமை குறைந்ததும் ஓடுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை நல்லதாக வேறொன்றைக் கடன் வாங்கி மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படியே மதர்போர்டில் மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. 2000-களின் தொடக்கத்தில் தரமில்லாத மின்தேக்கிகள் உலகம் முழுக்க மதர்போர்டுகளைக் கெடுத்தன. அந்தக் காலத்துக் கணினிகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

டிஸ்க்குக்கு வரும்போதுதான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எழுதும் கட்டத்தில் நிற்கிறது, டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது, ‘டக்... டக்’ என்று சத்தம் வருகிறது என்றால், ‘எதுக்கும் இன்னொரு தடவை ஃபார்மட் அடிச்சுப் பார்ப்போம்’ என்று இறங்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் படிக்க முடியாத இடத்தில் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். லினக்ஸ் வழக்கமாக 30 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பை ரீசெட் செய்யும், மறுபடியும் கேட்கும். வெளியே நமக்கு அது ஹேங். உள்ளே சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கை நாம் அடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் கல்யாணப் படம் இருக்கலாம், இறந்துபோன அப்பாவின் குரல் இருக்கலாம், பத்து வருஷ வினாத்தாள் இருக்கலாம். டிஸ்க்கில் எதையும் போடாமலே ஓடும் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். அதில் 5-ஆம் எண் வரியும் 197-ஆம் எண் வரியும் காட்டும் எண்ணிக்கை ஏறியிருந்தால் டிஸ்க்கின் பரப்பு கெடத் தொடங்கிவிட்டது. 199-ஆம் எண் வரி மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, சாட்டா கேபிள்தான் மோசம். வேறு கேபிள் மாற்றினால் போதும்.

டிஸ்க்கே கெட்டிருந்தால் முதல் வேலை உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவி முதலில் எளிதாகப் படிக்க முடிகிற இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கிற இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்பதை ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். எடுத்து முடித்த பிறகு ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி அதில் ஓஎஸ் போடுங்கள். 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வயது லேப்டாப்கள் ஒரு எஸ்எஸ்டி போட்டதும் புதிதாக எழுந்து உட்காருவதைப் பார்த்தால் மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

கடைசியாக, மாற்றவே முடியாத ராம். இப்போதைய மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். கல்லூரி மாணவி ஒருவரின் லேப்டாப் இப்படி வந்தது. மெம்டெஸ்ட்டில் பிழை வந்துகொண்டே இருந்தது, ஆனால் எல்லாப் பிழையும் ஒரே சின்ன முகவரிப் பகுதிக்குள் இருந்தன. அப்படியானால் ஒரு வழி உண்டு. லினக்ஸ் கெர்னலுக்கு ‘மெம்மேப்’ என்ற அளவுருவில் அந்த முகவரியையும் அளவையும் கொடுத்து, ‘இந்த இடத்தைத் தொடாதே’ என்று சொல்லிவிடலாம். விண்டோஸிலும் பிசிடிஎடிட் என்ற கட்டளை வழியாகப் பழுதான பக்கங்களின் பட்டியலைக் கொடுக்க முடியும். சில எம்பி ராமை இழக்கிறோம், கணினி பிழைத்துக்கொள்கிறது. இன்ஸ்டாலர் பூட் ஆகும்போதே க்ரப்பில் இதைக் கொடுக்க வேண்டும். ஓஎஸ் போட்ட பிறகு க்ரப் அமைப்புக் கோப்பிலும் நிரந்தரமாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் முதல் ரீஸ்டார்ட்டிலேயே பழைய கதைதான். பிழைகள் ராம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் இந்த வழி உதவாது. பழுது பரவவும் கூடும் என்பதால் சில மாதங்களுக்கு ஒரு தடவை மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அந்த முகவரியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டியும் கொடுத்தேன். நாளைக்கு வேறு யாராவது அதில் ஓஎஸ் போட உட்கார்ந்தால், முதலில் அந்த எண்ணை க்ரப்பில் கொடுத்துவிட்டுத் தொடங்கட்டும்.